நாடகத்துக்குக் கொடுத்த பாட்டில்

எங்களுக்குப் பரளச்சிப் பக்கம் மானாவாரிப் பருத்திதான் பிழைப்பு. மகள் அருப்புக்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். குடியும் போதையும் வேண்டாம் என்று ஊர் ஊராய் நாடகம் போடும் மாணவியர் குழுவில் இருக்கிறாள்.

"நாடகத்துக்கு ஒரு காலி பிராந்தி பாட்டில் வேணும்மா" என்றாள்.

"நம்ம வீட்ல ஏதுடி அது?" என்றேன், பெருமையாக.

கொட்டகை மூலையில் ஒன்று கிடந்தது. எவனோ குடித்துப் போட்டது என்று நினைத்து, அலசிக் கொடுத்துவிட்டேன்.

பள்ளியில் அதில் கடுங்காப்பி ஊற்றி, ஜெபம் முடிந்து ஒத்திகை தொடங்கியிருக்கிறார்கள். குடிகார அப்பா வேஷம் இவளுக்கு. வாய்வரை கொண்டுபோனவள் கீழே வைத்துவிட்டாள்.

"பருத்திக்கு அடிக்கிற மருந்து வாடைம்மா" என்று சாயங்காலம் சொன்னாள்.

"பக்கத்துக் காட்டுக்காரவுக அதுலதான மருந்து ஊத்திக் குடுத்தாக" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு அழுகை வரவில்லை. சோறு வடித்து இருவருக்கும் போட்டேன். கஞ்சி கையில் கொட்டியதுகூட உறைக்கவில்லை.

இப்போது மருந்து அதன் டப்பாவை விட்டு வேறெதிலும் மாறுவதில்லை. நாடகப் பிள்ளைகளும் பாட்டில் இல்லாமல் வெறுங்கையால்தான் குடிப்பதுபோல் நடிக்கிறார்கள்.

அந்த வேஷம் முதலில் ஒரு டவுனுப் பிள்ளைக்குக் கொடுத்ததாம். அன்று அவளுக்குக் காய்ச்சல். இல்லாவிட்டால் அவள்தான் குடித்திருப்பாள். மருந்து வாடை அவளுக்குத் தெரியாது.

போன வாரம் மகளோடு வீட்டுக்கு வந்த அந்த டவுனுப் பிள்ளை, "தண்ணி குடுங்கம்மா" என்றாள். செம்பை இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் நீட்டினேன்.