எஞ்சின் ஓடினால்தான் பாட்டு

பாம்பனில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற சகாயவினோத்தை ஊரில் யாரும் இசையமைப்பாளர் என்று சொல்வதில்லை. நான் மட்டும் சொல்வேன். சொன்னால் டீ வாங்கித் தருவான். பிழைப்புக்கு விசைப்படகில் மீன்பிடிக்கப் போவான். மற்ற நேரமெல்லாம் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி யூடியூபில் ஏற்றுவான்.

போன வருசம் ஏற்றிய காதல் பாட்டு யாருக்காக என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். எங்களோடு முன்வரிசையில் நின்று பாடுகிற பிரெசில்லாவுக்காக. அவளிடமே போட்டுக் காட்டினான். அவளுக்கும் இவன்மேல் கொள்ளைப் பிரியம்தான், ஆனால் வாய் சும்மா இருக்காதே.

"நல்லாத்தான் இருக்கு வினோத்து. துக்க வீட்ல போடலாம்."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளே இரக்கப்பட்டு ஒரு பந்தயம் கட்டினாள். "இதையே வேற மாதிரி போட்டு என்னைய ஆட வச்சுரு பாப்போம். நானே எங்கப்பாட்ட கல்யாணத்தப் பத்திப் பேசுறேன்."

அவள் அப்பா கில்பர்ட் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வினோத் வேலை பார்க்கிற படகை ஓட்டுகிறவரே அவர்தான். அவரிடம் நேரில் போய்ப் பெண் கேட்க இவனுக்கு இந்த ஜென்மத்தில் தைரியம் வராது. பாட்டு ஒன்றுதான் வழி.

பையன் வெறியோடு இறங்கினான். வலையைக் கடலில் இறக்கிவிட்டு, படகு அதை மெதுவாக இழுத்துப் போகும்போது ஆட்களுக்கு வேலை இருக்காது. அந்த நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து, போனிலேயே பாட்டை மாற்றிப் போட்டான். முடித்ததும் ஸ்பீக்கரில் கேட்க வைத்தான். படகில் இருந்தவர்கள் ஐஸ் பெட்டிமேல் ஏறி நின்று ஆடினார்களாம். கரைக்கு வந்ததும் யூடியூபில் ஏற்றிவிட்டான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களை உட்கார வைத்து, மாப்பிள்ளை மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பாட்டைப் போட்டான். குரல் தேனாக வந்தது. மெட்டும் அருமை. ஆனால் மேளத்தைக் காணோம். தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி லேசாக என்னமோ கேட்டது. பிரெசில்லா கன்னத்தில் கை வைத்துக் கொட்டாவி விட்டாள்.

"போன தடவைக்கு இது தேவல. தூக்கமாச்சும் வருது."

"படகுல எல்லாரும் ஆடுனாங்களே!" என்று இவன் அழாத குறை.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "ஏலே, அங்கன மேளம் அடிச்சது உன் பாட்டு இல்லடா, எஞ்சினு!"

எஞ்சின் சத்தத்திலேயே உட்கார்ந்து போட்டவன், அதையும் தாளமாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறான். வயிறு வலிக்கச் சிரித்தோம். மேளத்தைக் கூட்டி மறுபடி ஏற்று என்றேன். கேட்கவில்லை. "பாட்டு சரியாத்தான் இருக்கு. அவளப் படகுல ஏத்தணும், அம்புட்டுத்தான்" என்றான்.

பெண்கள் மீன்படகில் ஏறுகிற நாள் எங்களுக்குத் திருவிழா ஒன்றுதான். கோயில் புனிதரின் சுரூபத்தைப் படகில் வைத்துக் கடலில் சுற்றி வந்து கரையில் இறக்கியபிறகு, குடும்பங்களை ஏற்றிக்கொண்டு இன்னொரு சுற்று போவார்கள். இந்த வருசம் கில்பர்ட் படகில் நாங்கள் எல்லாரும் ஏறினோம். அவர் சுக்கான் பிடிக்க, படகு மெதுவாக நகர, வினோத் பாட்டைப் போட்டான்.

அடடா! எஞ்சின் தடதடவென்று அடிக்க, பாட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் குதித்தார்கள். பிரெசில்லா கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள். முதலில் கால் போனது, பிறகு தோள், பிறகு வெட்கம். கொலுசு தெறிக்க ஆடினாள். எனக்கே தலைகால் புரியவில்லை.

பந்தயத்தில் ஏமாற்றுகிறவள் இல்லை அவள். மூச்சு வாங்க நேரே அப்பாவிடம் போனாள்.

"அப்பா, இந்தப் பாட்டு எனக்காகப் போட்டது. நான் வினோத்தத்தான் கட்டிக்கிருவேன்."

ஆட்டம் நின்றுவிட்டது. கில்பர்ட் திரும்பி வினோத்தை மேலும் கீழும் பார்த்தார். அவர் கை எஞ்சின் பிடிக்குப் போனது. நிறுத்திவிட்டு இவனைத் தூக்கிக் கடலில் போடப் போகிறார் என்றே நினைத்தேன்.

பிடியை முன்னால் தள்ளினார். படகு சீறியது. தாளம் பாட்டை முந்திக்கொண்டு ஓடியது.

"பாட்டு பின்தங்குது மாப்ள," என்று கத்தினார் கில்பர்ட். பல்லெல்லாம் தெரிந்தது. "வேகமாப் பாடுலே!"

மாப்பிள்ளை ஐஸ் பெட்டிமேல் ஏறி ஆட ஆரம்பித்துவிட்டான். நாங்கள்தான் பாடினோம்.