கௌரியக்காவோடு முடியாத வாக்குவாதம்

சுவிஸில், வில் என்ற ஊரில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது தொலைபேசி வந்தது. ஊஸ்டர் நகரில் இருக்கும் தெரிந்த ஒருவர். "கௌரி தவறிப் போனாவாம், கேள்விப்பட்டனியோ?" என்றார். நான் வாய் திறக்குமுன் குரலைத் தாழ்த்தி, "அவவே கேட்டு எடுத்த முடிவோ?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சக்கர நாற்காலியில் இருந்தவர் எல்லோரையும் போல நிமோனியாவில் சாகக்கூடாதா? இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது.

சிறு வயதிலேயே தசைகள் தளரத் தொடங்கியவர் கௌரியக்கா. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக இங்கே பேசியவர்களில் எங்கள் ஆட்கள் குறைவு. அவர் ஒருவரே பத்துப் பேருக்குப் பேசுவார். கோயிலுக்கு வந்தால் வாசலில் நாலு இளந்தாரிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரை நாற்காலியோடு தூக்க ஓடிவருவார்கள். அன்புதான். ஒரு தேர்த் திருவிழாவன்று அவர் பிரேக்கை இறுக்கிப் போட்டுக்கொண்டு, "நாலு பேர் தூக்கிறதுக்கு ஒரு நாள் வரும், அப்ப தூக்குங்கோ. இப்ப படியில ஒரு பலகையைப் போடுங்கோ" என்றார். கோயில் தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் அடுத்த திருவிழாவுக்குச் சரிவுப் பாதை வந்தது. அதில் முதலில் ஏறியவை குழந்தை வண்டிகள். கௌரியக்கா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

எங்களுக்குள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. சாவதற்கு உதவி கேட்க இந்த நாட்டில் ஒருவர் சாகும் தறுவாயில் இருக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளும் கேட்கலாம். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் நான். மனிதர் படும் வேதனையைப் பார்த்தவள். அது உரிமை என்றேன். கௌரியக்கா விடமாட்டார். "நடக்கிற ஆள் சாகவேணும் எண்டா ஓடிப்போய்க் கையைப் பிடிக்கினம். நான் சொன்னா, விளங்குது எண்டு தலையாட்டினம். அந்தத் தலையாட்டல்தான் எனக்குப் பயம், பிள்ளை."

பாடன் நகரில் ஒரு குடும்பம். பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். ரவியண்ணை வேலைத்தலத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். மனைவி வசந்தி வேலையை விட்டுவிட்டு, ஒரு வெளியாளையும் வீட்டுக்குள் விடாமல், தானே குளிப்பாட்டி, தானே ஊட்டி, இடுப்பு முறியப் பார்த்துக்கொண்டார். ஊரெல்லாம் அவரைப் புகழ்ந்தது. ரவியண்ணை சாக உதவி கேட்கப் போவதாகச் சொன்னார். அவருடைய உரிமையைப் பேச நானும், மறுத்துப் பேசக் கௌரியக்காவும் ஒன்றாகவே போனோம்.

கௌரியக்கா மறுத்துப் பேசவே இல்லை. "வசந்தி, நீர் திரும்ப வேலைக்குப் போம்" என்றார்.

"இவரை ஆரிட்ட விட்டிட்டுப் போறது? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் வந்து தூக்குதே? காப்புறுதி தாற காசில சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம். நான் வைச்சிருக்கிறன் தானே." பிறகு ரவியண்ணையின் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் சாகவேணுமெண்டு நினைக்கிறியளோ, இல்லாட்டி இவ கஷ்டப்படுறதைப் பாக்கேலாமல் இருக்கிறியளோ?"

ரவியண்ணை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

காப்புறுதிக் காசில் எரித்திரியா நாட்டுக்காரர் ஒருவர் உதவிக்கு வந்தார். வசந்தி சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சனம் கதைக்கத்தான் செய்தது. ரவியண்ணை எங்கள் இருவரையும் கொஞ்சக் காலம் திட்டித் தீர்த்தார். பிறகொரு நாள் போனபோது வசந்தி தன் மேற்பார்வையாளரைப் பற்றிப் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். அந்த மேற்பார்வைக்காரியை எப்படி மடக்குவது என்று ரவியண்ணை படுக்கையிலிருந்தே புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். நான் மெதுவாகப் பழைய விஷயத்தைக் கேட்டேன். "கேக்கிற உரிமையை விடமாட்டன். ஆனா இப்ப கேக்கேல்லை" என்றார். திரும்பி வரும் ரயிலில் அந்த ஒரு பதிலை வைத்து நானும் கௌரியக்காவும் ஆளுக்காள் தான்தான் வென்றதாகச் சொல்லிச் சண்டை பிடித்தோம். அப்படிச் சண்டை பிடிக்க எனக்கு இனி யார் இருக்கிறார்கள்?

கடைசியாக அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில், நிமோனியாவோடு. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஓர் இளம் டாக்டர் வந்து, நிலைமை மோசமானால் மெஷின் எல்லாம் வேண்டாம்தானே என்று மென்மையாகக் கேட்டார். வேண்டும் என்றார் கௌரியக்கா. டாக்டர் போனதும் என்னைப் பார்த்து, "கேட்ட விதத்தைப் பாத்தியே? தேத்தண்ணி வேண்டாம்தானே எண்டு கேக்கிற ஆக்கள் மாதிரி" என்றார். இருவரும் சிரித்தோம். மெஷினும் வந்தது. அவர் உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனவர் அவர். கேட்பவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லுங்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய கருத்து அல்ல. உரிமை இருக்கத்தான் வேண்டும் என்று இன்றும் சொல்வேன். ஆனால் இல்லத்தில் யாராவது என் கையைப் பிடித்து, "எனக்குப் போதும்" என்று சொல்லும்போது எனக்குள் நாங்கள் இரண்டு பேரும் பதில் சொல்ல எழும்புகிறோம். நான் வாயை மூடிக்கொண்டு, கௌரியக்காவை முதலில் கதைக்க விடுகிறேன்.