நாலு சால்வை

கவுன்சிலராக இருந்த பத்து வருஷமும் நான் எந்தக் கல்யாண வீட்டிலிருந்தும் பசியோடு திரும்பியதில்லை. வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்துவிடுவார்கள். எம்.பி. ஆன பிறகு வந்த முதல் முகூர்த்த நாளில்தான் அந்த அருமை தெரிந்தது.

அன்று நான்கு கல்யாணங்கள். பாலசமுத்திரத்தில் தொடங்கினேன். மேடையில் ஏற்றி, சால்வை போட்டு, போட்டோ எடுத்தார்கள். "ஐயாவுக்கு நேரமாகுதுங்க, செத்த வழி விடுங்க" என்று கார்வரை கொண்டுவந்தும் விட்டார்கள். வேறொரு கல்யாண வீட்டில் சாப்பிட்டிருப்பேன் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்துக்கொண்டார்கள். நானாகக் கேட்க வாய் வரவில்லை. மதியத்துக்குள் காரில் மூன்று சால்வைகள் சேர்ந்துவிட்டன. சால்வையைத் தின்னவா முடியும்?

கடைசிக் கல்யாணம் நாகல் நகரில், என் பழைய வார்டில். அங்கேயும் சால்வைதான். எரிச்சலோடு காரில் ஏறப்போனவனை, பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் மறித்தார்.

"சாப்டியாப்பா?"

"இல்லக்கா" என்றேன்.

விறுவிறுவென்று கூட்டிப்போய் இலை போட்டு, வெஞ்சனத்தை அவரே அள்ளி வைத்தார். முதல் வாய் சோறு இறங்கியதும்தான் எனக்கு மூச்சே வந்தது. அவர் நகரவில்லை.

"நல்லா சாப்பிடு. எங்க தெருவுல மூணு நாளா தண்ணி வரல. கை கழுவிட்டு வா, குழாயக் காட்டுறேன்."

அது எம்.பி. வேலை இல்லை என்று சொல்ல என் உதவியாளர் வாயைத் திறந்தார். அவருக்கும் ஓர் இலை போடச் சொன்னேன்.