பெயரை நறுக்கிய மாத்திரைகள்

தையல் கம்பெனியில் அவளுக்கு 'மெடிக்கல் அக்கா' என்று பட்டப்பெயர். பன்னிரண்டு வருடமாகச் சட்டைக் கழுத்தில் லேபிள் தைக்கிறாள். யாருக்குத் தலைவலி என்றாலும் அவள் மெஷினைத் தேடித்தான் வருவார்கள். பழைய பவுடர் டப்பாவில் மாத்திரை வைத்திருந்தாள். டப்பாவில் அடங்க வேண்டுமே, அதனால் அட்டையை நூல் வெட்டும் கத்திரியால் ஒவ்வொரு மாத்திரையாக நறுக்கிவிடுவாள். பெயரும் தேதியும் துண்டு துண்டாகிப் போகும். போனால் என்ன? வெள்ளை காய்ச்சலுக்கு, மஞ்சள் சளிக்கு, நீளமானது உடம்பு வலிக்கு. கைராசிக்காரி என்ற பேர் வேறு. மகாராணி போலப் பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், சளி, உடம்பு வலி மூன்றும் சேர்ந்து வந்தன. மூன்றையும் கொடுத்தாள், வேளை தவறாமல். அவரோ சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. நாலாம் நாள் வாந்தி நிற்கவில்லை, கண் மஞ்சளித்தது.

"என்னென்ன மாத்திரை குடுத்தீங்க?" ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

டப்பாவை நீட்டினாள்.

"எதுலயும் பேரே இல்லையேம்மா! கல்லீரல் அடி வாங்கியிருக்கு. எதனாலன்னு உடனே தெரியணும்."

வழக்கமாக வாங்கும் மருந்துக் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் மூன்று முழு அட்டைகளை எடுத்துப் போட்டார். "மூணையும் சேர்த்தா குடுத்தே? மூணுலயும் பாராசிட்டமால் இருக்கும்மா, அளவு மீறினா கல்லீரலைத்தான் அடிக்கும். பின்னாடி எழுதியிருக்கே, பார்க்கலயா?"

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முறிவு மருந்து ஏற்றினார்கள். பிழைப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். அதற்கும் தலையாட்டினாள். பெஞ்சில் பக்கத்தில் இருந்த அம்மாள் ஏதோ ஆறுதல் சொன்னாள். இவள் கண் அந்த அம்மாளின் ஸ்வெட்டர் கழுத்துக்கு வெளியே புரண்டிருந்த லேபிளிலேயே நின்றது. கோணல் தையல்.

மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. "தப்பிச்சிட்டார்," என்றார் டாக்டர். வேறு யாருக்கோ சொன்னதுபோல் கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் நர்ஸ் அவர் கையில் ஒரு மாத்திரையை வைத்தாள். அவர் மனைவியைப் பார்த்தார். நடந்தது அத்தனையும் அவருக்குத் தெரியும்.

"போட்டுக்கவா? நீ சொன்னாத்தான் போடுவேன்."

அவளுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கண் கலங்கியது.

"சிஸ்டர், அது என்ன மாத்திரை? அட்டைய ஒரு தடவை காட்டுங்க," என்றாள்.