வீட்டில் எல்லோருக்கும் வந்த தலைவலி

எண்ணூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தலைவலி என்றால் பயம் வராது, எரிச்சல்தான் வரும். காற்று திசை மாறியதும் கெமிக்கல் நாற்றம் தெருவுக்குள் நுழையும். ஜன்னலைச் சாத்துவோம், கம்பெனிக்காரனைத் திட்டுவோம், தைலம் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்ப்போம். ஒருவருக்கு வலித்தால் வீட்டில் எல்லோருக்கும் வலிக்கும். அதை நம்பித்தான் நான் என் பிள்ளையைத் தொலைக்கப் பார்த்தேன்.

மாசமான புதிதில் சோறு வேகும் வாசனைக்கே குமட்டும். யாரோ சொல்லி, ராயபுரத்தில் அக்குபஞ்சர் பார்க்கும் அக்காவிடம் போனேன். மருந்தில்லாத ஊசி, தலைமுடி மாதிரி மெல்லிசு. மணிக்கட்டிலிருந்து மூன்று விரல் தள்ளி வைத்தார். இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று மனதுக்குள் சிரித்தேன். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். பிறகு இடுப்பு வலிக்கும் அங்கேயே போனேன். ஒவ்வொரு தடவையும் அக்கா, "ஆஸ்பத்திரி செக்கப்புக்குப் போனியா?" என்று கேட்பார். போனேன் என்பேன். ஏழாம் மாதம் போகவில்லை. உடம்புதான் நன்றாக இருக்கிறதே, வரிசையில் எதற்கு நிற்க வேண்டும் என்ற திமிர்.

வளைகாப்பு முடிந்து சில நாளில் தலைவலி பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. கண்முன் பூச்சி பறந்தது. மாசமானதிலிருந்து என் மூக்கில் எந்நேரமும் அந்த நாற்றம்தான், அதனால் சந்தேகமே வரவில்லை. துறைமுக வேலை முடிந்து வந்த வீட்டுக்காரரும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"எனுக்கும் மண்டை பொளக்குதுடி. காத்து சரியில்ல."

அவருக்கும் வலிக்கிறது என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

நாலாம் நாள் ஊசி வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஷேர் ஆட்டோவில் கிளம்பினோம். கன்டெய்னர் லாரிகள் வழிவிடாமல் நின்றன. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வயிற்றில் அசைவு குறைந்தது போல இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லப் பயந்தேன்.

ஊசி வைக்குமுன் அக்கா என் வளையல்களை மேலே தள்ளினார். வளைகாப்பு அன்று சலசலவென்று ஏறியவை இப்போது நகரவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு என் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"இன்னா பண்ணுது?"

"தலைவலிக்கா. எங்க ஏரியா நாத்தம் தெரியாதா? வூட்ல எல்லாருக்கும் கீது."

அக்கா வாசலில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "உனுக்கும் வலிக்குதா, நைனா?"

அவர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உன்னத்தான் கேக்குறேன். நெசமாவே வலிக்குதா?"

"இல்லக்கா. இவ பயந்துக்குவாளேன்னு சொன்னேன். நாலு நாளா நாத்தமே இல்ல."

அக்கா ஒரு ஊசிகூட வைக்கவில்லை. "இதுக்கு என்கிட்ட ஊசி கெடையாது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வூட்டுக்குப் போயி பை எடுத்துக்கினு வரேன்னு நிக்காதீங்க." அவரே தெருவில் இறங்கி ஆட்டோவை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் இரண்டு தடவை பிரஷர் பார்த்தார்; எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அதன் பிறகு யாரும் என்னிடம் பேசவில்லை, ஓடினார்கள். கழற்ற முடியாத வளைகாப்பு வளையல்களை ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தார்கள். அன்றே ஆபரேஷன். குறைமாதத்தில் வந்த மகள் பல நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தாள். வீட்டுக்காரர் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. பாசத்தில் சொன்ன பொய் என்பதால் வாய்நிறையத் திட்டவும் முடியவில்லை.

போன வாரம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "தலை வலிக்குதும்மா" என்றாள். வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"எனுக்கும்தான் வலிக்குது," என்றார்.

"சத்தியமா?"

மகளின் தலையில் கைவைத்து, "சத்தியமா," என்றார்.

ஜன்னலருகே போய் மூச்சை இழுத்தேன். அதே கெமிக்கல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. அப்பாடா என்று இருந்தது.