பல் கதிரையில் ஆர்மோனியம்

1927ஆம் ஆண்டு கண்டிக்கு நாடகம் போட வந்த கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவர் இருளப்பன். வந்த இரண்டாவது வாரமே ராஜபார்ட்டுக்குக் குளிரில் தொண்டை கட்டிக்கொண்டது. பாடாத ராஜாவைப் பார்க்க யாரும் வரவில்லை, கம்பெனி கலைந்தது. மற்றவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போக, இருளப்பன் மட்டும் மஹய்யாவையில் புஷ்பம் என்பவளைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். பஜனை, கலியாண வீடு என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தவரை ஒருநாள் பல் டாக்டர் நவரட்ணராஜா ஆள்விட்டு அழைத்தார்.

யாழ்ப்பாணத்துக்காரரான டாக்டர், கண்டியில் ஒரு மாடிக் கட்டடத்தில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். சங்கீதம் கேட்டால் நோயாளிக்குப் பயமும் நோவும் குறையும் என்று ஏதோ சீமைச் சஞ்சிகையில் படித்திருந்தார். சங்கீதத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் தெரியாத விஷயத்தில் சட்டம் போட அவர் எப்போதுமே தயங்கியதில்லை. முன்பல்லுக்கு மோகனம், கடைவாய்ப் பல்லுக்குக் கலியாணி என்று விதித்தார். குறடு பல்லைப் பிடித்ததும் வேகம் கூட வேண்டும். பல் ஆடத் தொடங்கியதும் சத்தம் கூட வேண்டும்.

இருளப்பன் அப்படியே வாசித்தார். ஒரு மாதத்துக்குள் அவருக்கு ஒன்று விளங்கிவிட்டது. பல் பிடுங்கும் கதிரையில் உட்கார்ந்தவர்கள் முன்போலவே அலறினார்கள். ஆர்மோனியச் சத்தத்தில், வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தவர்களுக்குத்தான் அந்த அலறல் கேட்கவில்லை. அதனால் எழுந்து ஓடாமல் இருந்தார்கள். டாக்டரோ வெளியே நிலவிய அமைதியைப் பார்த்து, உள்ளே நோவு குறைந்துவிட்டது என்று முடிவு கட்டினார்.

இரண்டு வருடத்தில் கண்டி வட்டாரத்தில் பாதிப் பேர் இருளப்பனின் வாசிப்பில் பல்லைப் பறிகொடுத்திருந்தார்கள். பிலிமத்தலாவைக் கடைக்காரர் ராஜலிங்கத்தின் மகள் கலியாணத்தில் அதன் விளைவு வெளியே வந்தது. இருளப்பன் கலியாணியை எடுத்ததுமே முன்வரிசையில் மூன்று பேர் கன்னத்தைப் பொத்தினார்கள். பெண்ணின் தாய்மாமன் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பினார். மாப்பிள்ளையும் போன மாதம் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்தான். தாலியைக் கையில் பிடித்தபடி, வாயை இறுக மூடிக்கொண்டு வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார். பெண்ணைப் பிடிக்கவில்லையோ என்று பெண் வீட்டார் கலங்கிப் போனார்கள். ராஜலிங்கம் வந்து ஆர்மோனியப் பெட்டியை மூடினார். அதற்குப் பிறகு இருளப்பனை ஒரு கலியாணத்துக்கும் யாரும் அழைக்கவில்லை. டாக்டரை விட்டால் அவருக்கு வேறு கதி இல்லை.

அடுத்த வருடம் டாக்டர் தம்முடைய முறையைக் காட்டக் கொழும்பிலிருந்து நான்கு வைத்தியர்களை வரவழைத்தார். அன்றைக்குப் பல் பிடுங்க ஒப்புக்கொண்டிருந்த ஓர் ஆபீஸ் கிளாக்கர், கோட்டுப் போட்ட நால்வரும் சுற்றி நிற்பதைப் பார்த்ததும் படியிறங்கி ஓடிவிட்டார். டாக்டர் அறையைச் சுற்றிக் கண்ணோட்டினார். நான்கு நாளாகப் பல்வலியை யாரிடமும் சொல்லாமல், கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இருளப்பன் அகப்பட்டார். அந்தக் கதிரையை அவர் அளவுக்கு அறிந்தவர் யாரும் இல்லை, அதனால்தான் மறைத்திருந்தார்.

"உமக்குக் கன்னம் வீங்கியிருக்கு. இதில வந்து இரும்," என்றார் டாக்டர்.

"அப்ப யாருங்கய்யா வாசிக்கிறது?"

"நீர்தான். வாயில தானே எனக்கு வேலை? கை சும்மாதானே கிடக்கப்போகுது."

மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு இருளப்பன் வாசித்தார். கொழும்பு ஐயாமார் முன்னால் சுரம் பிசகினால் நாடகக் கம்பெனிக்கே கேவலம் என்று ஒரே நினைப்பு. கலைந்துபோன கம்பெனிதான்; ஆனாலும் மானம் இருந்தது. டாக்டர் பல்லை உயர்த்திக் காட்டியபோதும் அவர் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நால்வரும் கைதட்டினார்கள், டாக்டருக்கு.

அவர்கள் போன பிறகு, வாயைக் கொப்பளித்துவிட்டு இருளப்பன் மெல்லச் சொன்னார்: "ஐயா, கேக்குறவங்களுக்கு இதுல ஒண்ணும் இல்லைங்க. வாசிக்கிறவனுக்குத்தான் வலி தெரியல. கவனமெல்லாம் கையிலயே இருந்துச்சுங்க."

டாக்டர் பிடுங்கிய பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஓம். அதுதான் விசயம்," என்றார்.

அடுத்த கிழமை டாக்டர் சொந்தமாக ஓர் ஆர்மோனியம் வாங்கி, வருகிற நோயாளிகளின் மடியில் வைத்தார். சங்கீதம் பழகாத அந்த மனிதர்கள் அகப்பட்ட கட்டைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு அலறினார்கள். இப்போது வாங்கில் இருந்தவர்களுக்கு ஆளின் அலறலும் பெட்டியின் அலறலும் சேர்ந்து கேட்டன. நோயாளிகளே வாசிப்பதால் தனியாக ஒரு வித்துவான் தேவையில்லை என்று டாக்டர் இருளப்பனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். டாக்டரின் கட்டுரை பின்னர் ஒரு வைத்தியச் சஞ்சிகையில் வந்தது. அதில் இருளப்பனுக்குப் பெயர் இல்லை. 'அறிவு குறைந்த ஒரு சுதேசி நோயாளிக்குக்கூட' பலன் கிடைத்தது என்று மட்டும் இருந்தது.

யாரோ அதைப் படித்துச் சொன்னபோது, புஷ்பம் ஒரு முழு நாள் டாக்டரைத் திட்டினாள். இருளப்பன் திட்டவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாத்தளைக்குப் போனார். அங்கே கூடாரத்தில் ஓடிய ஊமைப் படங்களுக்கு வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கலியாணியைக் கேட்டு யாரும் கன்னத்தைப் பொத்தாத ஊரில், அவர் இரண்டு வருடம் நிம்மதியாக வாசித்தார். அப்புறம் படங்களும் பேச ஆரம்பித்துவிட்டன.