கேபிளைப் பிடுங்கினேன்

கராடியில் இருக்கும் எங்கள் கல்லூரியில் நெட்வொர்க் பாடத்தை நான் கரும்பலகையில் நடத்துவதில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு லேப்டாப்பைக் கொடுத்து, நடுவில் ஒரு கேபிளை மாட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரிய ஃபைல் அனுப்பி, வேகத்தை நீங்களே அளந்து பாருங்கள் என்று விட்டுவிடுவேன். இப்படிப் போனால் சிலபஸ் முடியாது என்று சக ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

போன செமஸ்டரில் கட்கியிலிருந்து வரும் ஒரு மாணவி, வீட்டில் மட்டும் தமிழும் வெளியில் மராத்தியும் பேசுகிறவள், என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

“மேடம், இங்க வாங்க! எங்க டீம்தான் ஏக்தம் ஃபாஸ்ட்!”

திரையில் வேகத்தைக் காட்டும் கோடு உச்சியில் ஆடாமல் அசையாமல் நின்றது. மற்ற மேசைகளில் அது ஏறுவதும் சரிவதுமாக இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு அழகான கோட்டை எந்தக் கேபிளும் தராது; ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்தேன். ஆனாலும் திட்டவில்லை. கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

கோடு அப்படியே நின்றது. ஃபைல் போய்க்கொண்டே இருந்தது.

அவள் கேபிளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

“அரே! வெளியவே போகல மேடம். இதே லேப்டாப்போட அட்ரஸைப் போட்டுட்டேன். தனக்குத்தானே அனுப்பிட்டு இருக்கு.”

என் கையிலிருந்து கேபிளை வாங்கி அவளே செருகினாள். அட்ரஸை மாற்றி மறுபடியும் அனுப்பினாள். இந்த முறை வேகம் பாதிக்கும் கீழே இருந்தது. கோடு தடுக்கித் தடுக்கி ஏறியது. பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

“இப்பதான் மேடம், நிஜமா அந்தப் பக்கம் போகுது,” என்றாள்.